சூட்டுக் கொப்புளம்

எங்கள் வீட்டில் வருத்தங்களுக்குப் பெயர் தேடி அலைவதில்லை. தலையிடித்தால் சூடு. வாய் அவிந்து புண்ணானால் சூடு. கண் எரிந்தால், மூக்கால் இரத்தம் வந்தால், பிள்ளை காரணமில்லாமல் சிணுங்கினால், எல்லாம் சூடு. மன்னாரில் பிறந்தவளுக்கு அப்படித் தோன்றுவதில் பிழையில்லை, அங்கே வெயில் அப்படி. ஆனால் குளிர்காலத்து லண்டனில், ஹவுன்ஸ்லோவில், ஹீட்டரைக் கூட்டலாமா வேண்டாமா என்று யோசித்தபடி இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு நின்றபோதும், மகளின் உடம்பில் எழும்பியதற்கு நான் வைத்த பெயர் சூடுதான்.

இப்போது ஜெனி சுகமாக இருக்கிறாள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். பாதி சொல்வதற்குள் அவர்களுக்கு பஸ் வந்துவிடுகிறது. அதனால் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி வைக்கிறேன். கரப்பான் உள்ள பிள்ளை வைத்திருக்கும் ஒரு தாயாவது வாசித்தால் போதும்.

ஜெனிக்கு ஐந்து வயது. கைமடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து என்று கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குக் கரப்பான். இங்கே எக்ஸிமா என்கிறார்கள். தோல் ஒரு சுவர் என்றால், அவளுடைய சுவரில் சாந்து குறைவு. ஈரம் வெளியே போய்விடும், வேண்டாததெல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் காலையும் மாலையும் களிம்பு பூசிச் சாந்து அடைப்பது என் வேலை. அதற்குப் பிறகு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது என் மற்ற வேலை. எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும் ஒவ்வொரு விமானத்தையும் பார்த்து, "அம்மாட சாப்பாடு போகுது," என்பாள் ஜெனி. அது வந்துகொண்டிருக்கிறது, போகவில்லை என்று நான் திருத்துவதில்லை.

என் கணவர் யூட், ஸ்கொட்லாந்தின் வடக்கில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிறார். லண்டனில் கிடைக்காத நிரந்தர வேலை அங்கே கிடைத்தது. மாதத்தில் ஒருமுறை வருவார். எங்கள் குடும்பம் பெரும்பாலும் போனில்தான் நடக்கிறது.

எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் மேல்வீட்டுச் செல்வி அக்கா. கும்பகோணத்துக்காரர், சைவச் சாப்பாடு. நான் கருவாடு பொரித்த ஒரு நாள் அந்த மணம் மேலே போய் அவரைக் கீழே இறக்கியது. முறைப்பாடு சொல்ல வந்தவர், ஜெனியைக் கண்டதும் வந்த காரியத்தை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கணவர் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்பவர். காலையில் அறைக் கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பார். மகன் தூரத்தில் படிக்கிறான். அக்கா அனுப்பும் நீளமான செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வரும். எனக்கு வேலை பிந்தும் நாட்களில் ஜெனியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது அக்காதான். "பெரியம்மான்னு கூப்பிடு," என்று அவரே சொல்லிக் கொடுத்தார். வாசலில் நாடியைப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக் கொஞ்சி, கடைசியில் கண்ணை மூடச் சொல்லி இமைகள் மேலே ஒவ்வொரு முத்தம். ஜெனி அதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

அந்த வருத்தம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அக்காவின் கீழுதட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்திருந்தன.

"பாரேன் ரீட்டா, பேசவே முடியல. எரியுது," என்றார்.

"சூடு அக்கா. நித்திரை முழிச்சிருப்பீங்கள். எனக்கும் பள்ளிக்கூடச் சோதனை வந்தா இப்பிடித்தான் வரும்," என்று நான் டொக்டர் மாதிரிச் சொல்லிவிட்டு, வெந்தயம் ஊறவைத்து மோரில் போட்டுக் கொடுத்தேன். அவரும் குடித்தார். குடித்துவிட்டு, போகும்போது வழக்கம்போல ஜெனியைக் கொஞ்சிவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்திருப்பேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஜெனி, "அம்மா, கடிக்குது," என்று வந்து நின்றாள். அரிப்பை நாங்கள் கடி என்றுதான் சொல்வோம். செல்வி அக்கா அதைக் கேட்டுவிட்டு ஓடிப்போய் மெத்தையைப் புரட்டி மூட்டைப்பூச்சி தேடினார். ஒன்றும் இல்லை. கைமடிப்பில், எப்போதும் கரப்பான் இருக்கிற அதே இடத்தில், கடுகு பரப்பியதுபோலப் புள்ளிகள். கழுத்திலும் கொஞ்சம்.

நான் துப்பறிய ஆரம்பித்தேன். சலவைத்தூளை மாற்றினேனா? இல்லை. புதுப் போர்வை? அதைத் தூக்கிக் கதிரையில் போட்டேன். பிறந்தநாள் வீட்டில் முந்திரிக் கேக் சாப்பிட்டாளா? பள்ளிக்கூடத்தில் களிமண் பிசைந்தாளா? கொப்பளிப்பானா, அதுதான் சின்னம்மையா? போனில் தோல் வருத்தப் படங்களைத் தேடினால் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முதுகுகள். ஒவ்வொன்றின் கீழும் "சிவந்த தடிப்பு" என்று எழுதியிருந்தது. யூட்டுக்குப் போன் எடுத்தேன்.

"சிவப்பா இருக்கோ?" என்று கேட்டார்.

"இஞ்சரப்பா, நாங்கள் எப்ப சிவந்தனாங்கள்? கறுப்புக்கு மேல கறுப்பா இருக்கு."

"அப்ப என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்."

அங்கே யாரோ சில்லறை கேட்டார்கள். "பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

வீட்டில் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். அதில் சிலது உண்மையிலேயே உதவியது, எழுதி வைக்கிறேன். களிம்பை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிராகப் பூசினால் கொஞ்ச நேரம் கடி அடங்கும். நகத்தை ஒட்ட வெட்டி, பருத்திக் காலுறையைக் கைக்கு மாட்டிவிட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது, வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சவர்க்காரம் வேண்டாம். "சொறியாதை, தட்டு," என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் தன் கையைத் தானே தட்டினாள், நான் தாளம் போட்டேன். உதவாதது, அக்கா தமிழ்க் கடையில் வாங்கி வந்து அரைத்த வேப்பிலையும் மஞ்சளும். ஒரு கைமடிப்பில் பூசியதுமே பிள்ளை வீடு அதிரக் கத்தினாள். கழுவிவிட்டோம், மஞ்சள் மட்டும் போகவில்லை.

"சூடு உள்ளேர்ந்து வெளிய வருதும்மா, வந்துட்டா சரியாயிடும்," என்றார் அக்கா. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

ஞாயிறு கொப்புளங்கள் கூடின. மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் எடுத்தேன். அங்கே பேசிய தாதி, ஒரு கண்ணாடிக் குவளையைப் புள்ளிகளின் மேல் அழுத்தி, அவை மறைகின்றனவா என்று கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். மறையாவிட்டால் அது ஆபத்தான தொற்றாக இருக்கலாமாம். எங்கள் வீட்டில் கண்ணாடிக் குவளை இல்லை. இருப்பதெல்லாம் எவர்சில்வர் பேணியும் ஜெனியின் பிளாஸ்டிக் கோப்பையும்தான். அவசரத்தில் எவர்சில்வர் பேணியையே எடுத்து அழுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. பிறகு மடுமாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்து அழுத்தினேன். புள்ளிகள் மங்கின. மாதா காப்பாற்றினார் என்று மூச்சு விட்டேன்.

"நாளைக்கு டொக்டரிடம் காட்டுங்கள்," என்றார் தாதி. "ஆனால் காய்ச்சல் வந்தால், அரிப்பு நோவாக மாறினால், கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

விடிந்தபோது மூன்றும் வந்திருந்தன. உடம்பு கொதித்தது. வலது கண் இமை பணியாரம் போல வீங்கி, அதன் ஓரத்தில் அதே கொப்புளங்கள். ஜெனி காலுறைக் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். "கடிக்கேல்லை அம்மா, நோகுது," என்றாள். சொறிந்துகொண்டே இருந்த பிள்ளை சொறியாமல் இருந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது.

மினிகாப் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கும்போது அக்கா ஓடிவந்தார். "நானும் வர்றேன்மா," என்றார். "வேண்டாம் அக்கா, மத்தியானம் திரும்பிடுவம்," என்றேன்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறை நிறைந்திருந்தது. பெயரைப் பதிந்துவிட்டு உட்காரும் முன்பே ஒரு தாதி ஜெனியின் முகத்தைப் பார்த்தார், உள்ளே போனார், இன்னொருவரைக் கூட்டி வந்தார். எங்களை உடனே கூப்பிட்டார்கள். இந்த நாட்டில் வரிசையில் முன்னுக்கு விடுகிறார்கள் என்றால் அதற்காகச் சந்தோஷப்படக் கூடாது.

உயரமான ஒரு பெண் டொக்டர் வந்தார். கழுத்துப் பட்டியில் தவளை ஒட்டுப்படம். ஜெனியின் கையில் இருந்த மஞ்சளைத் துடைத்துப் பார்த்தார், லைட் அடித்துப் பார்த்தார். கொப்புளங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னக் குழி, கரப்பான் இருந்த இடங்களிலேயே கூட்டம் கூட்டமாக இருக்கின்றன என்று எனக்கும் காட்டினார். கொப்பளிப்பான் என்றால் உடம்பெல்லாம் சிதறி, புதிதும் பழையதுமாகக் கலந்து கிடக்குமாம். பிறகு தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிக் கேட்டார்:

"இந்த இடத்தில் கொப்புளம் வந்த யாராவது சமீபத்தில் பிள்ளையைக் கொஞ்சினார்களா?"

"ஓம்," என்று தமிழில்தான் வந்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னேன். "மேல்வீட்டு அக்கா."

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். உதட்டில் வருகிற அந்தக் கொப்புளம் சூட்டினால் வருவதில்லை. அது ஹெர்பிஸ் என்கிற ஒரு வைரஸ். பெரியவர்களுக்கு எரிச்சலோடு போய்விடும். ஆனால் சாந்து உதிர்ந்த தோல் உள்ள பிள்ளைக்குள் அது புகுந்தால் காட்டுத்தீதான். உடம்பெல்லாம் பரவும், கண்ணின் கருவிழிக்குப் போனால் அங்கே தழும்பு விழுந்து பார்வையைக் கெடுக்கலாம். மருந்தை இரத்தநாளம் வழியாக உடனே ஏற்ற வேண்டும். வெள்ளைக்காரர் இதைக் குளிர்ப்புண் என்கிறார்கள், நாங்கள் சூட்டுக் கொப்புளம் என்கிறோம். இரண்டு பேருமே பிழை. வைரசுக்கு வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது.

கண் டொக்டர் வந்தார். ஜெனியின் கண்ணில் மஞ்சள் நிறத் துளி ஒன்று விட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கருவிழியில் காயம் இருந்தால் அந்தச் சாயம் அங்கே பிடித்துக்கொண்டு பச்சையாக மின்னுமாம். நான் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி மின்னுகிறது என்றார். அது வைரசா, பிள்ளை கசக்கியதில் வந்த கீறலா என்று இப்போது சொல்ல ஏலாது. மருந்து ஓடட்டும், மீண்டும் பார்ப்போம் என்றார்.

மீண்டும் பார்ப்போம். அந்த இரண்டு சொல்லோடு என்னை ஒரு தனி அறையில் விட்டார்கள். தொற்று என்பதால் மற்றப் பிள்ளைகளோடு படுக்கவிட ஏலாது. கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அதற்கு வெளியே நடக்கிற பிள்ளைகளும், பலூனும், விளையாட்டுச் சாமான் வண்டியும் போகும், எங்கள் அறைக்குள் வராது. உள்ளே வருபவர்கள் கையுறையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு வந்து, போகும்போது கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களைத் தொட்டதையெல்லாம் எறிகிறார்களே என்று மனம் சுருங்கியது. செய்வது சரி என்று தெரிந்தும் சுருங்கியது.

வைத்தியத்துக்கு இங்கே பில் இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குச் சொன்னேன், "நோ ப்ரொப்ளம்," என்றான். நான் இல்லாமலும் தட்டுகள் அடுக்கப்படும் என்பதுதான் அதன் பொருள்.

யூட் லீவு கேட்டார், மாற்றாள் கிடைக்கவில்லை. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிடுவோம். அவர் அங்கே கடையில் நிற்பார், நாங்கள் இங்கே படுத்திருப்போம். "நாலாம் நம்பர் பம்போ?" என்று யாரிடமோ கேட்பார், ஜெனி கண் திறக்காமலே "நாலு," என்று சொல்வாள். ஒருமுறை ஆள் இல்லாத நேரத்தில் அவர் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "என்ர குஞ்சு, அப்பா வாறன் என்ன," என்றார். அங்கே கடைக் கதவு மணி அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

கோயில் ஆட்கள் வாட்ஸ்அப்பில் மெழுகுதிரிப் படங்கள் அனுப்பினார்கள். ஒருவர் வந்து பார்க்கிறேன் என்றார். பிறகு, "தொற்றாமே?" என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னொரு மெழுகுதிரி அனுப்பினார்.

இந்தத் தனிமையில் எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. செல்வி அக்காவை வெறுக்கிற வேலை. மறைக்காமல் சொல்கிறேன், அதை முழு மனதோடு செய்தேன். உதட்டில் புண்ணை வைத்துக்கொண்டு ஏன் கொஞ்ச வேண்டும்? சொந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை என்றால் என் பிள்ளையின் கண்ணா கிடைத்தது? ஜெனியின் இமையில் இருந்த ஒவ்வொரு கொப்புளத்திலும் அவருடைய வாயைத்தான் கண்டேன். வெந்தயமும் மோரும் கலக்கிக் கொடுத்து, சூடு என்று தீர்ப்பெழுதிய ஆள் நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. கோபத்துக்கு அந்த வசதி உண்டு.

அடுத்த நாள் மத்தியானம் கதவுக் கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. கையில் டிபன் டப்பா. உதட்டில் பொருக்கு இன்னும் இருந்தது. நான் எழும்பிப் போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"புள்ள எப்படி இருக்கா? கண்ணு தெரியுதா?" என்றார்.

"ஒருத்தரையும் உள்ள விடமாட்டினமாம் அக்கா." சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, உதட்டைத்தான் பார்த்தேன்.

"ரசம் சாதம். காரமே போடல," என்று டப்பாவை நீட்டினார். வாங்கினேன். கதவைச் சாத்தினேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் கதவு வரைக்கும் வரவில்லை. ஆனால் மத்தியானமானால் டப்பா மட்டும் தாதியின் கையில் வரும். நெய் விட்ட பருப்புச் சாதம், இட்லி, ஒரு நாள் ஜெனிக்குப் பிடித்த சின்னச் சின்ன வட்டத் தோசை. நான் சாப்பிடவில்லை. ஜெனி சாப்பிட்டாள். ஒரு கை ஊசியோடு கட்டிக் கிடக்க, மற்றக் கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "பெரியம்மாக்குக் கோவமா?" என்று கேட்டாள்.

"ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?"

"கொஞ்ச வரேல்லையே."

இரண்டாவது முறை கண் பார்க்க வந்தபோது ஜெனியை என் மடியில் இருத்தினார்கள். வீக்கம் வற்றியிருந்தது, கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகி இருந்தன. மஞ்சள் துளி. இருட்டு. நீல வெளிச்சம். அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டு, மறுபடி தொடக்கத்துக்குப் போனேன். டொக்டர் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், ஜெனியை மேலே பார்க்கச் சொன்னார். பிறகு விளக்கைப் போட்டு, "சுத்தமாக இருக்கிறது," என்றார். "கீறல்தான். ஆறிவிட்டது."

நான் அழுதேன். ஜெனி காலுறைக் கையால் என் முகத்தைத் தட்டினாள். சொறியாதே, தட்டு என்று நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

வீட்டுக்கு விடும் நாளில் அந்தத் தவளை டொக்டர் கடைசியாக வந்தார். இது திரும்ப வரலாம், கொப்புளத்தைக் கண்டால் அன்றைக்கே வாருங்கள் என்றார். நான் பல நாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அந்த மனுசியை இனிப் பிள்ளையிடம் அண்ட விடலாமா?"

டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவரிடமிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லையே," என்றார். பெரியவர்கள் நிறையப் பேரின் உடம்பில் இந்த வைரஸ் தூங்கிக் கிடக்கிறதாம். களைப்பு, கவலை, காய்ச்சல் என்றால் விழித்துக்கொள்ளும். சிலநேரம் புண் வெளியே தெரியாமலே எச்சிலில் இருக்கும். யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. புண் இருக்கும்போது யாரும் கொஞ்சக் கூடாது, அந்த இடம் முழுவதும் ஆறிய பிறகு பயமில்லை. "உங்களுக்கு எப்போதாவது வந்திருக்கிறதா?"

பள்ளிக்கூடம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால். "ஓம்," என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

காலையில் இருந்தே என் மேலுதட்டின் ஓரம் சுணைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஹீட்டரில் காய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். டொக்டர் போனதும் குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். சின்னச் சின்னதாக, கூட்டமாக. கண்ணாடியில் நின்றவளை என்னால் கொஞ்ச நேரம் பார்க்க ஏலவில்லை. அத்தனை நாளும் ஒரு மனுசியின் வாயைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஜெனியை அவரைவிட அதிகமாகக் கொஞ்சியது யார்? தாதியிடம் ஒரு மாஸ்க் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் பிள்ளைக்குச் சட்டை மாற்றினேன். கண் மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். நான் அவளுடைய சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஜெனியைச் சோஃபாவில் இருத்தி, டீவியைப் போட்டுவிட்டு, மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். செல்வி அக்கா திறந்தார். என்னைக் கண்டதும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"கண்ணு?" என்றார்.

"சுகம் அக்கா. ஒண்டுமில்லை எண்டிட்டினம்."

அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். "அந்த நர்ஸ் பொண்ணு என் வாயைப் பாத்துட்டு, உள்ள போறதுன்னா மாஸ்க் போட்டுட்டுப் போங்கன்னு கையில குடுத்துச்சு. போடறதுக்குள்ள நீ கதவத் தொறந்துட்ட," என்றார். "நீ யாரையும் விடலன்னு சொன்ன. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு ரீட்டா."

"விளங்கியும் சாப்பாடு கொண்டு வந்தனீங்களோ?"

"புள்ள சாப்பிடணும்ல," என்றார். "இனிமே நான் தொட மாட்டேன்மா. தூரத்துல இருந்தே பாத்துக்கறேன்."

நான் மாஸ்க்கைக் கீழே இழுத்தேன். அவர் துப்பட்டாவை விட்டுவிட்டு, கிட்ட வந்து என் உதட்டைப் பார்த்தார். "ஐயோ, சூ..." என்று தொடங்கினார், நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. அழுகைக்கு மாறியது நான்தான்.

டொக்டர் சொன்னதை முழுவதும் சொன்னேன். யாருடையது என்று தெரியாது என்பதை இரண்டு தரம் சொன்னேன். "நான் உங்களைக் கோவிச்சனான் அக்கா. நிறையக் கோவிச்சனான்," என்றேன்.

"கோவிக்காம? அம்மா இல்லையா நீ," என்றார்.

"எனக்கு இது ஆறுற வரைக்கும் பிள்ளைக்குக் கிட்டப் போகப் பயமா இருக்கு. உங்கடது ஆறீட்டுது. கீழ வந்து களிம்பு பூசிவிடுவீங்களோ?"

அவர் உடனே வரவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, கீழுதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். பொருக்கு விழுந்து, இடம் தெரியாமல் ஆறியிருந்தது. "நீயும் பாரு," என்று என்னிடம் காட்டினார். நானும் பார்த்தேன். கையை முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு என்னோடு இறங்கி வந்தார்.

ஜெனி அவரைக் கண்டதும் ஓடிவந்து முன்னால் நின்று, முகத்தை நிமிர்த்தி, கண்ணை இறுக்க மூடினாள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாசலிலேயே மாஸ்க்கோடு நின்றேன்.

"உச்சியில கொஞ்சுங்கோ அக்கா. என்ர பங்கையும் சேர்த்து."

அக்கா குனிந்து பிள்ளையின் தலைமுடியில் ஒரு முத்தம் கொடுத்தார். "இது பெரியம்மாவோடது," என்றார். இன்னொன்று கொடுத்தார். "இது அம்மாவோடது."

"அம்மாட காணாது, இன்னும் ஒண்டு," என்றாள் ஜெனி, கண்ணைத் திறக்காமலே.